சீர்த்தட்டோடு ஒரு நேர்முகத் தேர்வு

வேன் கதவு திறந்ததும் முதலில் இறங்கியது தட்டுதான்.

வெள்ளித் தட்டு. கூம்பாக அடுக்கிய லட்டு, சுற்றிலும் ஆப்பிள், ஆரஞ்சு, வெற்றிலை பாக்கு, ஓரத்தில் மல்லிகைச் சரம். எல்லாவற்றையும் கண்ணாடித் தாளால் மூடிச் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. அதை ஏந்திக்கொண்டு என் அண்ணன் மணியம் பட்டு ஜிப்பாவில் இறங்கினார். அடுத்து அண்ணி. அப்புறம் நான். வேனை ஓட்டி வந்த என் கணவர் குமரன் சுற்றிக்கொண்டு வந்தார். கடைசியாகத்தான் என் மகள் தர்ஷினி இறங்கினாள். பல் மருத்துவப் படிப்புக்கான நேர்முகத் தேர்வு அவளுக்குத்தான்.

பல்கலைக்கழக வாசலில் நின்ற காவலாளி எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"கல்யாணமா பாஸ்? இங்க ஹால் எல்லாம் இல்லையே."

"கல்யாணம் இல்ல பாஸ், இன்டர்வியூ!" என்றார் அண்ணன், குரலில் பெருமை பொங்க.

"யாருக்கு?"

"எல்லாருக்கும்தான்!"

தர்ஷினி ஃபைலால் முகத்தை மறைத்துக்கொண்டாள். "அம்மா, இவங்க யாருன்னே எனக்குத் தெரியாதுன்னு சொல்லிடவா?"

எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். காலையில் கிள்ளானிலிருந்து கிளம்பும்போதே அந்தத் தட்டு வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். என் பேச்சை அண்ணன் எப்போது கேட்டிருக்கிறார்?

கிள்ளான் லிட்டில் இந்தியாவில் கல்யாண அலங்காரக் கடை வைத்திருப்பவர் அவர். தர்ஷினிக்குக் காது குத்தியது அவர் மடியில் வைத்துத்தான். சடங்குக்குத் தட்டுத் தட்டாகச் சீர் கொண்டுவந்து எங்கள் தாமான் குடியிருப்பையே அடைத்தவர். "நல்ல காரியம் கேக்கப் போறோம். தாய்மாமன் வெறுங்கையோட போனா நல்லாவா இருக்கும்? நீ சும்மா இருலா," என்று என் வாயை அடைத்துவிட்டார்.

மேலே காலேஜ், கீழே வாழை இலை

போன வாரம் இந்தப் பத்தியில் நான் கார் ஓட்டப் பழகிய கதையைப் படித்த தோழி ஒருத்தி, "உனக்கு எதுதான் முதல் தடவையே கிடைத்தது?" என்று கேட்டாள். கிடைத்திருக்கிறதே! காலேஜ் கிடைத்திருக்கிறது. அதுவும் கேட்ட மாத்திரத்தில்.

நான் படித்தது பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் இரண்டாவது மாடியில். கீழே வாழை இலைச் சாப்பாட்டுக் கடை. மேலே நாங்கள் டைப்பிங்கும் கணக்கும் படித்தோம். சேருவதற்கு என்ன தகுதி என்று கேட்டால், படி ஏறத் தெரிந்திருந்தால் போதும். பதினோரு மணிக்குக் கீழே மீன் பொரிக்கத் தொடங்குவார்கள். அதற்கப்புறம் வாத்தியார் சொன்ன எதுவும் எங்கள் தலையில் ஏறியதில்லை.

அந்தக் காலத்தில் யூனிவர்சிட்டி என்றால் அரசாங்க யூனிவர்சிட்டிதான். கிடைத்தவர்கள் மேலே, கிடைக்காத எல்லோரும் கீழே. கீழே இருந்த எங்களுக்குள்ளும் மேல் கீழ் இருந்தது. எதிர்வரிசைக் காலேஜில் லிஃப்ட் இருந்ததால் அங்கே படித்தவர்கள் எங்களோடு பேச மாட்டார்கள்!

இப்போது போர்ட் கிள்ளானில் ஒரு சரக்கு ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்க்கிறேன். அந்த மீன் வாசனைக் காலேஜ்தான் சோறு போடுகிறது. ஆனாலும் மகள் விஷயம் என்று வந்ததும் எனக்கும் அந்த லிஃப்ட் ஆசை வந்துவிட்டது. வராது என்று சொல்லும் தாய் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள்.

பத்து நிமிடத்தில் ஒரு வாழ்த்து

தர்ஷினி பல்கலைக்கழகத்துக்கு முந்தைய பவுண்டேஷன் படிப்பை நல்ல மார்க்கோடு முடித்த கையோடு, கோலாலம்பூரில் நடந்த ஒரு கல்விக் கண்காட்சிக்கு எல்லோரும் போனோம். எல்லோரும் என்றால் அண்ணனும் அண்ணியும் சேர்த்துத்தான்.

அப்படி ஒரு திருவிழாவை நான் பார்த்ததில்லை. ஒரு பக்கம் சக்கரம் சுற்றினால் பரிசு. இன்னொரு பக்கம் பாப்கார்ன். பத்தடிக்கு ஒரு பல்கலைக்கழகம். ஒன்றில் கேட்டதை இன்னொன்றில் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். "அவங்ககிட்ட ஆஸ்பத்திரி இருக்கு, உங்ககிட்ட இருக்கா?" என்று என் கணவர் ஓரிடத்தில் கேட்டார். "எங்ககிட்ட நீச்சல் குளம் இருக்கு சார்," என்றான் அந்தப் பையன். பாவம், அவனுக்கு என்ன தெரியும்!

நாங்கள் கடைசியில் போய் உட்கார்ந்த இடத்தின் கேம்பஸ் வாசலில் பெரிய நீரூற்று இருக்கும். அதனால் எங்கள் வீட்டில் அதன் பெயர் பவுண்டன் யூனிவர்சிட்டி. தர்ஷினியின் மார்க்கைப் பார்த்தார்கள். ஏன் பல் டாக்டராக ஆசை என்று ஒரு கேள்வி கேட்டார்கள். "சூப்பர்!" என்றார்கள். பத்து நிமிடத்தில், இடம் தருகிறோம் என்ற கடிதத்தோடு அழகான ஒரு கவர் கைக்கு வந்தது. மணி அடித்து, எல்லோரும் கைதட்டினார்கள்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அண்ணன் அங்கேயே குடும்ப வாட்சப்பில் போட்டுவிட்டார்: "என் மருமகள் இனி டாக்டர்." பூச்சோங்கிலிருந்து கேரி தீவு வரை உள்ள சொந்தங்கள் எல்லாம் வாழ்த்து அனுப்பத் தொடங்கின.

அவருக்குப் பவுண்டன் ரொம்பப் பிடித்துப்போனதற்கு வேறு காரணமும் உண்டு. திரும்பும் வழியில் கேம்பஸைப் பார்க்கப் போனபோது, கல்யாண மண்டபத்தை அளக்கிற மாதிரியே பல்கலைக்கழகத்தையும் அளந்தார். முகப்பு எப்படி, ஏர்கான் எப்படி, எத்தனை கார் நிற்கும்! "ஆயிரம் கார் தாங்கும்லா இந்த எடம்," என்று மெச்சிக்கொண்டார். படிக்கப் போவது ஒருத்தி.

ஆனால் தர்ஷினிக்கு மனம் ஒப்பவில்லை. வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்.

"அம்மா, நான் இன்னொரு எடத்துக்கும் அப்ளை பண்ணியிருக்கேன். அங்க கைக்கும் டெஸ்ட் வைப்பாங்க."

"கைக்கு என்ன டெஸ்ட்?"

"சோப்புல பல்லு செதுக்கணும். கம்பிய வளைச்சுக் காட்டணும். பாதிக்கு மேல திருப்பி அனுப்பிடுவாங்களாம்."

இதைக் கேட்ட அண்ணன் ஒரே நொடியில் கட்சி மாறினார். "அப்படியா? பத்து மாப்பிள்ளைய வேணாம்னு சொன்ன வீடா? அங்கதான்லா நாம சம்பந்தம் பண்ணணும்!"

சிறிய மேட்டின் மேல் இருந்த பழைய கட்டடம் அது. நீரூற்று இல்லை. கார் நிறுத்த இடமும் கம்மி. மேட்டு யூனிவர்சிட்டி என்று நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம்.

அடுத்த சில வாரங்கள் எங்கள் வீட்டில் முழு சோப்பு ஒன்றுகூட மிஞ்சவில்லை. குளிக்கப் போனால் சோப்புப் பெட்டியில் ஒரு கடைவாய்ப் பல் உட்கார்ந்திருக்கும். குமரன் ஒரு நாள் கோரைப் பல்லால் முதுகு தேய்த்துவிட்டு வந்து புலம்பினார். வீடு முழுக்கச் சந்தன வாசனை. சோபாவில், சோற்றுத் தட்டில், என் ஆபீஸ் பையில் எல்லாம் சோப்புச் சீவல். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பற்கள் நாளுக்கு நாள் நிஜப் பல்லாகவே ஆகிக்கொண்டு வந்தன. எனக்கும் வெறி பிடித்துவிட்டது. ஆபீஸ் முடிந்து வரும்போது நானே சோப்பு வாங்கிக்கொண்டு ஓடி வருவேன்.

"ஆடாட் காமி, புவான்!"

இப்போது தட்டுக்கு வருவோம்.

உள்ளே வரவேற்பு மேசையில் நீலத் தூடோங் முக்காடு அணிந்த ஒரு மலாய்ப் பெண்மணி பெயர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். தர்ஷினியை உள்ளே அனுப்பிவிட்டு நிமிர்ந்தார். எதிரே லட்டுக் கோபுரம்.

"இது உங்களுக்கும் உள்ள இருக்கிற டாக்டர்களுக்கும்," என்று தட்டை இரண்டு கையாலும் நீட்டினார் அண்ணன்.

அந்தப் பெண்மணி நாற்காலியோடு பின்னால் போய்விட்டார். "தா போலே, என்சிக்! ஹாடியா தா போலே!" வேண்டாம் ஐயா, அன்பளிப்பு வாங்கக் கூடாதாம்.

"ஹாடியா இல்ல புவான்! ஆடாட்! ஆடாட் காமி!" அம்மா, இது எங்கள் சம்பிரதாயம் என்று அண்ணன் தன் மலாயில் விளக்கினார். தாய்மாமன், சீர், காது குத்து எல்லாவற்றையும் விளக்கினார். விளக்க விளக்க அந்த அம்மா முகம் வெளுத்தது.

"யாராவது எதையாவது கொடுத்தா நான் மேலிடத்துக்குச் சொல்லியாகணும். நீங்க எந்த மாணவரோட குடும்பம்?"

சொல்லாதே என்று அண்ணனுக்குக் கண்ணைக் காட்டினேன். அண்ணனோ உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு மருமகளின் முழுப் பெயரையும் அப்பா பெயரோடு சேர்த்து உரக்கச் சொன்னார்.

அவர் கையைப் பிடித்துத் தரதரவென்று கார் நிறுத்துமிடத்துக்கு இழுத்து வந்தேன். "நல்லா இருக்குண்ணே! லஞ்சம் குடுத்தாங்கன்னு எழுதப் போறாங்க! அவ படிப்பு உன் தட்டோட போச்சு!"

"சீர் எப்படி லஞ்சமாகும்?" என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அங்கே வேறு பெற்றோர்களும் வெயிலில் காத்திருந்தார்கள். அண்ணி ரிப்பனைப் பிரித்து எல்லோருக்கும் லட்டு கொடுக்கத் தொடங்கினாள். அவ்வளவுதான், இறுகிப்போயிருந்த கூட்டம் கலகலப்பாகிவிட்டது. ஷா ஆலமிலிருந்து வந்திருந்த ஒரு மலாய் அம்மா, நெய் எவ்வளவு போட வேண்டும் என்று விசாரித்தார். பேச்சு சுற்றிச் சுற்றி எந்த யூனிவர்சிட்டி பெரியது என்பதில் வந்து நின்றது. சிங்கப்பூரில் எந்தப் பட்டத்துக்கு மதிப்பு என்று கேட்டார் ஒருவர். சொந்தமாக ஆஸ்பத்திரி இல்லாவிட்டால் அது என்ன யூனிவர்சிட்டி என்றார் இன்னொருவர். ஒரு சீன அப்பா லட்டை ரசித்து மென்றுவிட்டு, "என் பெரிய பையனை இங்க எடுக்கல, தெரியுமா?" என்றார். ஏதோ பட்டம் வாங்கியதைப் போலச் சொன்னார். எல்லோரும் மரியாதையோடு தலையாட்டினோம். சேர்த்துக்கொள்ளாததற்கே ஒரு கௌரவம் இருக்கிறது என்பதை அன்றுதான் பார்த்தேன்.

தர்ஷினி வெளியே வந்தபோது விரல்களில் கம்பி அழுத்திய சிவப்புக் கோடுகள். தட்டு நடத்திய கூத்து அவளுக்கு அப்போது தெரியாது. முகம் ஜொலித்தது.

"அம்மா! டைம் முடிஞ்சதும் கண்ணாடி போட்ட ஒரு டாக்டர் வந்து என் பல்லைக் கையில எடுத்துப் பாத்தாங்க. இந்தப் பள்ளம் தப்பு, கம்பிக்கும் ரொம்ப நேரம் எடுத்துக்கிட்டேன்னு சொன்னாங்க. புது சோப்பு ஒண்ணு குடுத்து, எப்படின்னு காட்டுனாங்க!"

"தப்புன்னு சொன்னதுக்கா இவ்வளவு சந்தோஷம்?" என்றேன்.

இருப்பதை விட்டு

இரண்டு வாரத்தில் பதில் வந்தது. உண்டு என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. வெயிட்டிங் லிஸ்ட்.

சொந்தக்காரர்களுக்கு அதை விளக்குவதற்குள் எனக்கு நாக்கு வறண்டது. "பாஸா, பெயிலா?" என்பார்கள். "நிக்க வெச்சிருக்காங்க," என்பேன். "என்ன தப்பு பண்ணுனா?" என்பார்கள்.

தட்டுதான் காரணம் என்று நான் அண்ணனிடம் நேராகவே சொன்னேன். அன்றிலிருந்து அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார். அண்ணிதான் போன் செய்வாள். "அவரு சரியா சாப்பிடறதில்ல," என்பாள். எனக்கும் வருத்தம்தான், ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

இதற்கிடையில் பவுண்டன்காரர்கள் நெருக்கினார்கள். வருகிறேன் என்று வெள்ளிக்கிழமைக்குள் உறுதி சொல்ல வேண்டும். எனக்கு இதில் யோசிக்கவே ஒன்றும் இல்லை. இருப்பதை விட்டுப் பறப்பதைப் பிடிக்கப் போகிறவளா நான்? "உடனே சரின்னு எழுதுடி," என்று மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரசம் தாளித்துக்கொண்டிருந்தேன். அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

"சீட்டு வேணாம்னு எழுதிட்டேன்மா."

"எந்த சீட்டு?"

"இருக்கிறது ஒண்ணுதானே."

கடுகு கருகியது. நான் கத்திய கத்தலில் குமரன் வாசலிலிருந்து ஓடி வந்தார். அந்த மேட்டு யூனிவர்சிட்டி கூப்பிடாவிட்டால் ஒரு வருஷம் போச்சே! அடுத்த வருஷம் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். சொந்தத்தில் ஒருத்தர் பாக்கி இல்லாமல் கேட்பார்கள். எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்தேன். அவள் முடியும்வரை நின்று கேட்டாள்.

"அங்க எல்லாரும் சூப்பர் சூப்பர்னு சொன்னாங்கம்மா. யாரும் என் கையப் பாக்கல. நான் நாளைக்கு ஒருத்தங்க வாயில டிரில் வைக்கப் போறேன். நான் தப்பு பண்ணுனா தப்புன்னு சொல்ற எடம் வேணும்."

மகள் சொல்வது சரி என்று தெரிந்தும் வரும் கோபம் இருக்கிறதே, அது ரொம்ப மோசம். ரசத்தைக் கொட்டிவிட்டுப் படுத்துவிட்டேன்.

பத்து தீகா தாண்டி

நாட்கள் ஓடின. போன் வரவில்லை. ஒரு வருஷம் சும்மா உட்கார வேண்டாம், பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் கிளினிக்கில் உதவியாளர் வேலை கேட்டுப் பார்க்கலாம் என்று முடிவு செய்தோம். நான் லீவு போட்டுவிட்டு அவளோடு கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறினேன். பெண்கள் பெட்டி. ஏர்கான் குளிரில் இருவரும் உட்கார்ந்திருந்தோம்.

ஷா ஆலம் தாண்டியதும் அவள் போன் அடித்தது. தெரியாத நம்பர். ரயில் சத்தத்தில் கேட்கவில்லை என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

மேட்டு யூனிவர்சிட்டி! அன்றைக்கு மேசையில் இருந்த அதே புவான். ஓர் இடம் காலியாகியிருக்கிறது, இன்றே முடிவு சொல்ல வேண்டும் என்றார்.

எனக்குக் கத்த வேண்டும் போல் இருந்தது. அடக்கிக்கொண்டு அண்ணிக்கு, "போன் வந்திருக்கு!" என்று வாட்சப் அனுப்பினேன்.

தர்ஷினி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "தேங்க்யூ புவான். எனக்குச் சில கேள்வி இருக்கு. கேக்கலாமா?"

கேள்வியா! கையில் ஒன்றும் இல்லாதவள் கேள்வி கேட்கிறாள்! அவள் தொடையைக் கிள்ளினேன். அவள் என் கையை எடுத்து என் மடியிலேயே வைத்தாள்.

கண்ணாடி போட்ட அந்த டாக்டர் முதல் வருஷத்துக்குப் பாடம் எடுப்பாரா என்று கேட்டாள். எடுப்பார் என்றார். எந்த வருஷத்திலிருந்து நோயாளிகளைத் தொட விடுவீர்கள் என்றாள். அதற்கும் பதில் வந்தது. பக்கத்து சீட்டில் தாதி உடுப்பில் இருந்த பெண் காதிலிருந்த இயர்போனைக் கழற்றிவிட்டாள்.

"கடைசியா ஒண்ணு. என் மாமா தட்டு கொண்டு வந்தாரே, அதனாலதான் என்னைக் காக்க வெச்சீங்களா?"

அந்தப் பக்கம் பெரிய சிரிப்பு. "ஓ, லட்டு என்சிக்கா! எழுதி வெச்சோம், அன்னைக்கே அது முடிஞ்சது. கம்பி வளைக்க ரொம்ப நேரம் எடுத்த, அதான். சரி, நீதான் இப்ப எங்கள இன்டர்வியூ பண்றியா? வர்றியா, இல்லையா?"

"கொஞ்சம் யோசிச்சுச் சொல்லட்டுமா?"

"எவ்வளவு நேரம் வேணும்?"

ரயில் பத்து தீகா ஸ்டேஷனில் நின்று கிளம்பியது. "அடுத்த ஸ்டேஷன் வரைக்கும்," என்றாள் என் மகள்.

என் உயிர் போய்விட்டது. "பைத்தியமாடி உனக்கு? சரின்னு சொல்லு!" என்று வாயை மட்டும் அசைத்தேன். எதிரே மார்க்கெட் பையோடு இருந்த ஒரு தமிழ் ஆன்டி, "ஓகே சொல்லும்மா, நல்லா இருப்ப," என்று கெஞ்சவே ஆரம்பித்துவிட்டார்.

தர்ஷினி போனைக் கையால் பொத்திக்கொண்டாள். "கெடைக்குமா, கெடைக்குமான்னே எல்லாரும் கேட்டீங்க. இது வேணுமான்னு நான் ஒரு தடவ நல்லா யோசிச்சுக்கறேன்மா. ஒரு ஸ்டேஷன் குடு."

கொடுத்தேன். வேறு என்ன செய்வது? அவள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு உறுதி இவளுக்கு எங்கிருந்து வந்தது என்று ஆச்சரியமாக இருந்தது. அந்த இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் அவ்வளவு தூரம் இருக்கிறது என்று அதுவரை எனக்குத் தெரியாது.

சுபாங் ஜெயாவில் கதவு திறந்தது. "வரேன் புவான்," என்றாள்.

பெட்டியே கைதட்டியது! ஆன்டி எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டார். தாதிப் பெண் "கங்ராட்ஸ்!" என்று கத்தினாள். நான் அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே தெரியாது.

அதற்குள் என் போன் அடித்தது. அண்ணன். அத்தனை நாளைக்கு அப்புறம் முதல் தடவையாக என்னைக் கூப்பிடுகிறார். இடம் இல்லை என்று சொல்லத்தான் போன் வந்தது என்று நினைத்துவிட்டார் போல, அவருக்குக் குரலே எழும்பவில்லை.

"தட்டாலதானே போச்சு?"

"தட்டால ஒண்ணும் இல்லண்ணே! அந்த புவானே சிரிச்சுக்கிட்டுச் சொன்னாங்க. ஒண்ணுமே இல்ல!"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். அப்புறம் பழைய மணியத்தின் குரல், கடையே அதிரும்படி:

"அப்ப கெடச்சிருச்சா? நம்ம புள்ளைக்கு அந்த யூனிவர்சிட்டி கெடச்சிருச்சா?"

நான் தர்ஷினியைப் பார்த்தேன். அவள் தன் விரல்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இல்லண்ணே," என்றேன். "அந்த யூனிவர்சிட்டிக்கு நம்ம புள்ள கெடச்சிருச்சு."